மூன்றாம் கவுண்டர்

வந்திருந்தவர்கள்: பதிவாளர் தட்சிணாமூர்த்தி, மாணவர் நல டீன் மங்களம், ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் குணசேகரன், மாணவர்கள் எதைக் கேட்பதானாலும் முதலில் போய் நிற்கும் மூன்றாம் கவுண்டரின் கிருபாகரன், ஒரு தட்டு முந்திரி பக்கோடா. மாணவர்களுக்கு அழைப்பு இல்லை. மாணவர் சேவையை மேம்படுத்தும் கூட்டத்தில் அவர்களுக்கு என்ன வேலை.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. வேலப்பன்சாவடி ஹைவேயைப் பார்த்த அந்த ஏசி அறையைத் திறந்து வைத்தால் கையெழுத்து கேட்டு எவனாவது வந்துவிடுவான். அப்புறம் சேவையைப் பற்றி நிம்மதியாகப் பேச முடியாது.

“சர்வே ரிசல்ட் வந்திருக்கு,” என்றார் மங்களம். “எல்லா கவுண்டருக்கும் பசங்க முட்டை போட்டிருக்காங்க. மூணாம் கவுண்டருக்கு மட்டும் பத்துக்குப் பத்து.”

பதிவாளர் கிருபாகரனை ஏற இறங்கப் பார்த்தார். “அப்படி என்னப்பா பண்ற அங்க?”

“சீட்ல உக்காந்திருப்பேன் சார்.”

“அப்புறம்?”

“யாராவது வந்தா என்ன வேணும்னு கேப்பேன்.”

மங்களம் இதைக் குறித்துக்கொண்டார். புதுமையான அணுகுமுறை. மற்ற கவுண்டர்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்க மகாபலிபுரத்தில் ஒரு பயிற்சி முகாம் போடலாம் என்று பக்கத்தில் எழுதினார்.

“தங்கமான புள்ள சார்,” என்றார் குணசேகரன், வாயில் பக்கோடாவோடு. “காலைல நான் வர சொல்லோ சீட்ல கீறான். சாயங்காலம் போவ சொல்லோவும் கீறான். லீவு ரெஜிஸ்டர்ல இவன் பேரே கெடையாது, பாத்துக்குங்க.”

“இன்கிரிமென்ட் கேட்டிருக்கானா?”

“வாயே தொறந்ததில்ல சார்.”

பதிவாளருக்குக் கண் கலங்காத குறை. மங்களம் எழுந்து பொன்னாடை போர்த்தினார். குணசேகரன் செல்போனில் படம் எடுத்தார்.

கிருபாகரன் பொன்னாடைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். “சார், ஒரே ஒரு உதவி. என்னோட ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் ஆபீஸ் பீரோல இருக்கு. உங்க கையெழுத்து இருந்தாத்தான் பீரோவைத் தொறப்பாங்களாம்.”

“ஒரிஜினல் எதுக்கு உனக்கு?”

“அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில வேலை கெடச்சிருக்கு சார். நைட் ஷிப்ட். திங்கக்கிழமை ஒரிஜினலோட வரலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. நாளைலேர்ந்து ரெண்டு நாள் இங்க லீவு. இன்னிக்கு விட்டா போச்சு.”

பதிவாளர் சிரித்தார். “அதானே பாத்தேன். சேரும்போது ஒரிஜினலை வாங்கி வெச்சுக்கறதே இதுக்குத்தான்பா. குடுத்தா ஓடிடுவ.”

“மண்ணூர்பேட்டைலேர்ந்து தெனம் இந்தக் கையெழுத்துக்குத்தான் சார் வரேன். எப்ப வந்தாலும் நீங்க மீட்டிங்னு சொல்றாங்க.”

“சேவையை மேம்படுத்தணும்னா மீட்டிங் போடாம எப்படி?”

குணசேகரனுக்கு மனசு கேட்கவில்லை. “இங்க இன்னா நைனா கொறச்சல் உனுக்கு? ஃபேன் கீது, சேர் கீது.”

“ஃபேன் ஓடல சார்.”

“சேர் கீதுல்ல?”

கிருபாகரன் தாளை மேஜைமேல் வைத்தான். “சார், ஒரு நாள் பகல்ல நான் வந்து மத்த கவுண்டர்காரங்களுக்கும் சொல்லித் தரேன்.”

“என்னத்தை?”

“சீட்ல உக்காரறதுக்கு.”

பதிவாளர் யோசித்தார். மகாபலிபுரம் செலவு மிச்சம். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். “பத்துக்குப் பத்து வாங்கினவன் கேக்கற. இல்லைன்னு சொல்ல மனசு வரல.”

பேனா தாளில் பட்டது.

“ஒரு நிமிஷம் சார்,” என்றார் மங்களம். “கிருபாகரன், விருதுல போடணும். உங்க ஸ்டாஃப் நம்பர் என்ன?”

“ஸ்டாஃப் நம்பர் இல்ல மேடம்.”

“ஓ, ஏஜென்சி மூலமா வந்தவரா?”

“இல்ல மேடம். நான் இங்க படிச்சிட்டிருந்தேன். செகண்ட் இயர்ல நின்னுட்டேன். ஒரிஜினல் கேட்டு வந்தப்போ மூணாம் கவுண்டர்ல சின்னசாமி சார் இருந்தார். ‘கொஞ்சம் சீட்டைப் பாத்துக்கோ, டீ குடிச்சிட்டு வந்து எடுத்துத் தரேன்’னு போனார்.”

“எப்போ?”

“போன வருஷம் மேடம்.”

குணசேகரன் ஏசியை அண்ணாந்து பார்த்தார். சின்னசாமி அவருக்கு மச்சான்.

பதிவாளர் பேனாவை மூடினார். தாளில் ஒரு புள்ளி மட்டும் விழுந்திருந்தது. மங்களம் எழுந்து வந்து பொன்னாடையை எடுத்து, மடிப்புக் கலையாமல் மடித்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்தார்.

குணசேகரன் கிருபாகரனின் தோளில் கை போட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அவன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பியது.

உள்ளேயிருந்து பதிவாளரின் குரல் கேட்டது.

“ஸ்டூடண்டுங்கெல்லாம் மூணாம் கவுண்டர்ல கேக்கணும்பா.”