உதிர்ந்து போன ஆர்

கோயிலெல்லாம் இல்ல சார், கார் செட்டு. செருப்ப மாட்டிக்கங்க.

கூட்டமா? இன்னைக்கு ஆயுதபூஜை ஆச்சே, அதான். உள்ள ஒரு காரு கீது. அது எம்.ஜி.ஆர் காருன்னு இந்த குமணன்சாவடி பூரா சொல்லிகினு கீது.

அவருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சார். இங்கிலீஷ்காரன் காரு. கம்பெனி பேரே எம்.ஜி. ரெண்டே சீட்டு, மேல துணிக் கூரை, ரேஸ் காரு மாதிரி மூக்க நீட்டிகினு இருக்கும். இந்த ஊட்டுக்காரரு ரூபஸ் சாரு, ஆவடில ஃபேக்டரி வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, காயலாங்கடையிலேந்து தள்ளிகினு வந்தாரு. வரும்போது சீட்டுல கோழி அடை காத்துகினு இருந்துச்சி.

தகரத்த தட்டி, பட்டி பாத்து, சிவப்பு பெயின்ட் அடிச்சி, அல்லாம் இந்த செட்டுக்குள்ளயே. ஒயரிங் மட்டும் நானு. கஜபதி, பக்கத்து ஊடு. கார்புரேட்டரே ரெண்டு சார் அதுக்கு. சம்பந்திங்க மாதிரி, ஒண்ண சரிக்கட்டினா இன்னொண்ணு மூஞ்ச தூக்கிக்கும்.

எம்.ஜி.ஆர் எப்டி உள்ள பூந்தாருன்னா, அது முக்கு இட்லிக்கடை கன்னியம்மா வேலை. வெவரம் பத்தாத பொம்பள. ஒரு நாளு சட்னி வாளியோட உள்ள வந்துச்சி. கார் மூக்குல எம்.ஜி.ன்னு எழுத்து போட்ட வில்லைய குனிஞ்சி பாத்துச்சி.

"இன்னா சார், ஆர காணோம்?"

"எந்த ஆரு?"

"எம்.ஜி.ஆர்ல ஆரு. உதுந்து பூட்ச்சா?"

ரூபஸ் சாரு வாய தொறக்கறதுக்குள்ள அந்தம்மா தெருவுல நிக்குது. "யம்மாடியோவ், வாத்தியாரு வண்டி! ஆர் மட்டும் உதுந்து பூட்ச்சி!"

மறுநாளே பானட்டுல மஞ்சா, குங்குமம். அப்பால மாலை. ஒரு கொழந்தைக்கு அந்த சீட்டுல குந்தவச்சி காதே குத்திட்டாங்க சார். ரூபஸ் சாரு சர்ச்சுல பாட்டு பாடுற மனுசன். அவரு காருக்கு கற்பூரம்.

"கஜா, பெயின்ட்டு மேல எலுமிச்சம்பழம் நசுக்கறாங்கடா!"

"பாலிஷுன்னு நெனச்சிக்கங்க சார்."

"நெனச்சிக்கறதா? மூணாவது கோட்டுடா அது!"

ஆனா பாருங்க, அதுக்கு முன்னாடி இந்த செட்டே போறதா இருந்துச்சி. தோ, தாம்பாளத்த புடிச்சிகினு மொத ஆளா நிக்கிறாரே, அவருதான் எங்க நலச்சங்கத் தலைவரு செல்வகுமாரு. "செட்டு ரோட்ல நீட்டிகினு கீது, நாள் பூரா டொக்கு டொக்குன்னு சத்தம், பெயின்ட்டு நாத்தம், இடிச்சே ஆவணும்"னு ஒத்தக் கால்ல நின்னாரு. செட்டு போனா காரு நிக்க எடம் ஏது? திரும்ப காயலாங்கடைதான். ரூபஸ் சாரு சோறே எறங்காம கெடந்தாரு.

அப்பால ஏனோ செல்வகுமாரு அந்தப் பேச்சையே எடுக்கல. சாரு கர்த்தர் கிருபைன்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்.

இன்னைக்கு காலைல கார் டயரு அடியில பூசணிக்கா வச்சாங்க. ஒண்ணு இல்ல, நாலு டயருக்கும். சாருக்கு பொறுக்கல.

"கஜா, ஒரு மைக்க கட்டு. இது எம்.ஜி.ஆர் காரு இல்ல, அல்லாரும் ஊட்டுக்கு போங்கன்னு சொல்லிடப் போறேன்."

கட்டிட்டேன். ஆனா மனசு கேக்கல. ஊரு முன்னாடி கன்னியம்மா மானம் போவுமேன்னு கடைக்குப் போயி காதுல போட்டேன்.

"யக்கா, அது வாத்தியாரு காரு இல்ல. எம்.ஜி.ங்கறது கம்பெனி பேரு."

அந்தம்மா இட்லித் துணிய உரிச்சிகினே கேட்டுச்சி. "எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? மெயின் ரோட்ல எம்.ஜி.ன்னு போட்டுகினு எத்தினி வண்டி போவுது. அத்தினியும் வாத்தியாரு வண்டியா?"

"பின்ன இன்னாத்துக்குக்கா இந்தக் கூத்து?"

"செல்வகுமாரு ஜேப்புல யாரு படம் வச்சிகினு சுத்துறான்?"

"வாத்தியாரு படம்."

"வாத்தியாரு வண்டி நிக்கிற செட்டு மேல கடப்பாறைய போடுவானா அவன்?"

"அவருக்கும் தெரிஞ்சிருக்குமேக்கா."

"தெரியட்டுமே. இது வாத்தியாரு வண்டி இல்லன்னு மொதல்ல வாய தொறக்கற தில்லு இந்த ஊர்ல எவனுக்கு கீது?"

அந்தம்மா அடுத்த ஈட்டுக்கு மாவ ஊத்திச்சி.

"ரூபஸ் சாரு சம்சாரம் ஷைலாம்மா செத்ததுலேந்து அந்த மனுசன் வாசப்படில சொம்மா குந்திகினு இருந்தாரு. யாருகிட்டயும் ஒரு பேச்சு இல்ல. இந்த காரு வந்தப்பாலதான் கையில கிரீஸோட வந்து, 'இன்னா கன்னியம்மா, சட்னில உப்பே இல்ல'ன்னு என்னாண்ட சண்ட போடறாரு. அத்த காயலாங்கடைக்கு அனுப்பிட்டு, மறுபடி அவர வாசப்படில குந்த வைக்கச் சொல்றியா? போடா, போயி ரெண்டு மொழம் பூவு வாங்கியா."

"கஜா! கஜா! மைக்க ஆன் பண்ணுடா!"

தோ, கூப்புடறாரு. வந்துட்டேன் சார்!

கொஞ்சம் தள்ளிக்கங்க. மொதல்ல போயி ஃபியூஸ புடுங்கணும்.