கீழே போடும் பெயர்

‘நீ வராத வீட்டில் நான் விளக்கேற்ற மாட்டேன்.’ இந்த ஒரு வரியை மட்டும் அச்சடித்துச் சட்டம் போட்டுத் தரச் சொல்லி, மடித்து மடித்து நைந்துபோன கடிதத்தைப் பிரிண்டிங் கடை ரூபனிடம் நீட்டினாள் வளர்மதி.

“கீழ எழுதுனவங்க பேரு போடணும்க்கா.”

“ஞானசேகர்.”

“எந்தக் காலத்துக் கவிஞர்?”

“போன தை மாசம் வரைக்கும் எழுதுனாரு.”

ரூபன் அடித்து முடித்தான். கல்யாணப் பரிசு என்பதால், ஓரத்தில் போட மணமக்கள் பெயரையும் கேட்டான். அவள் பத்திரிகையை எடுத்து வைத்தாள். மணமகன் பெயரைப் படித்ததும் அவன் விரல்கள் நின்றன.

“வேணாம்க்கா.”

“எழுத்தை இன்னும் பெருசாக்குங்க தம்பி,” என்றாள். “லைட்டு போடாமலே படிக்கத் தெரியணும்.”