டிராகன் இறங்காத ஆட்டம்

போன வருஷம் ஹட்டனில் நடந்த மந்திர அட்டைப் போட்டியில் ரிஸ்கானைப் பொசுக்கித் தள்ளியது கஜேந்திரனின் டிராகன் அட்டை. அதை மடக்கவென்றே இந்த வருஷம் தேடிப்பிடித்து ஒரு வலை அட்டை வாங்கியிருந்தான் ரிஸ்கான். ஆனால் இறுதி ஆட்டத்தில், கஜேந்திரனின் அதே அட்டைக்கட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தது அவன் தங்கச்சி சுலக்ஷனா.

"அண்ணன் வரலையா?"

"இல்லைங்க. நான்தான் ஆடுறேன்."

பயந்துவிட்டான் போல என்று ரிஸ்கான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அவள் சின்னச் சின்ன வீரர்களாகவே இறக்கினாள். வலையை வீசியிருந்தால் அத்தனை பேரையும் அப்போதே வாரியிருக்கலாம். ஆனால் ஒரு தடவைதான் வீச முடியும். டிராகன் வரட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்து, அடிமேல் அடி வாங்கினான். டிராகன் வரவேயில்லை. ரிஸ்கான் தோற்றான்.

கைதட்டல் அடங்கியதும் கேட்டான்.

"நல்ல தந்திரம் தங்கச்சி. டிராகனை இறக்காமலே ஜெயிச்சிட்டீங்க. அதை ஒருக்கா காட்டுங்களேன்."

கோப்பையைத் தொடாமல் அவள் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தந்திரமெல்லாம் இல்லைங்க. அது இந்தக் கட்டுலயே இல்ல."

"அப்ப யார்கிட்ட இருக்கு?"

"அண்ணன்கிட்டதாங்க. எங்க தோட்டத்து லய வீடுங்கமேல மண்ணு சரிஞ்சிருச்சு. சவப்பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி, அண்ணனுக்குப் புடிச்சத உள்ள வைக்கச் சொன்னாங்க. நான்தான் சட்டைப்பையில வச்சேன்."

வருஷம் முழுக்க கஜேந்திரனுக்காகவே காத்திருந்த வலை அட்டை, வீசப்படாமலே ரிஸ்கானின் கையில் இருந்தது.