அடித்தவர் பெயர்

எந்த லேப்டாப்பிலும் எழுத்துப் பொத்தான்கள் வைக்காமல் போய் ஆறு வருஷமாயிற்று. எதை எழுதுவதானாலும் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. அடுப்படியில் லேப்டாப்பைத் திறந்துவைத்து நின்ற கோமதிக்கு அதுதான் சிக்கல். புருஷன் சிவசைலம் அடித்த அடியைப் பற்றிப் புகார் எழுத வேண்டும். அவனோ அடுத்த அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பேச்சு வெளியே கேட்காமலிருக்க மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டு முணுமுணுத்தாள். ‘இரைச்சல் அதிகம்’ என்று திரையில் வந்தது. மிக்ஸியை நிறுத்திவிட்டு, கை வீங்கியிருப்பதையும் கடைவாய்ப் பல் ஆடுவதையும் கிசுகிசுத்தாள். எப்படியோ பதிவாகிவிட்டது. ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. ‘அடித்தவர் பெயர்?’

“எங்க அத்தான்” என்றாள்.

‘அது உறவுமுறை. பெயரைச் சொல்லவும்.’

கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை.

“சிவ... சிவசைலம்.”

டி.வி. சத்தம் நின்றது.

“ஏட்டி! எம் பேரைச் சொன்னது நீயா?”

அவன் வந்து அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். லேப்டாப் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“எங்க, இன்னொரு தரம் சொல்லு பாப்போம்.”

திரையிலும் அதேதான் வந்திருந்தது: ‘சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொல்லவும்.’

கோமதி அவன் முகத்தைப் பார்த்தபடி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.