கோணல் அரிவாள்மணை

பாகீரதி பறங்கிக்காயை இரண்டு கையாலும் பிடித்து அரிவாள்மணையில் அழுத்தினாள். வெண்ணெய் மாதிரி இறங்கியது.

இறங்காமல் என்ன? மாடி வீட்டு மீனாக்ஷி மாமியுடையது ஆயிற்றே!

மாமியின் அகத்துக்காரருக்கு இரும்புப் பட்டறையில் குமாஸ்தா வேலை. போன மாதம் இரண்டு அரிவாள்மணை அடித்து வாங்கி வந்தார். நேராக, பளபளவென்று இருந்தது மாடிக்கு. சுத்தியல் தடத்தோடு, அலகு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது கீழ் வீட்டுக்கு.

"பார்த்தேளா? கழிச்சதை நம்ம தலையில கட்டிட்டார்" என்று பாகீரதி அன்றைக்கே புருஷனிடம் பொருமினாள்.

"காய் நறுக்கறதோல்லியோ? விடேன்" என்றார் பட்டாபிராமன்.

நறுக்கத்தான் செய்தது. ஆனால் மாடியில் 'சரக் சரக்'கென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரிந்தது. 'மாமிக்குக் குழந்தை இல்லை. என் மடியில் ஒன்று இருப்பது பொறுக்கவில்லை, அதுதான்' என்று தானே தீர்மானமும் செய்துகொண்டாள்.

இன்று விடிந்ததும் மாமி காளிகாட்டுக் கோயிலுக்குக் கிளம்பினாள். குழாயடியில் இரண்டு அரிவாள்மணையும் கழுவி வைத்திருந்தது. பாகீரதி வேண்டுமென்றே மாற்றி எடுத்து வந்துவிட்டாள்.

பறங்கிக்காயின் காம்புப் பக்கம் கெட்டி. ஒரு திருகு திருகினாள்.

'டக்.'

அலகின் நுனியைக் காணோம்! தவழ்ந்து வந்த குழந்தை கீழே கிடந்த தோலை வாயில் போட்டுக்கொண்டிருந்தது.

வாசற்படியில், கோயிலிலிருந்து திரும்பிய மீனாக்ஷி மாமி, கையில் கோணல் அரிவாள்மணையோடு. அதை அங்கேயே வைத்துவிட்டு ஒரே எட்டில் குழந்தையைத் தூக்கினாள். வாயில் விரலை விட்டுத் துழாவினாள். மூடின கையை விரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நுனி, காம்பிலேயே குத்திக்கொண்டு நின்றது.

"நான் ஒரு அசடு! குழாயடியில மாத்தி எடுத்துண்டு போயிட்டேன் போலிருக்கு" என்றாள் மாமி, மூச்சு வாங்க. "எங்களோட இதை நீ தொடாதேடி. சும்மா காய்ச்சித் தண்ணியில முக்கினது. பார்க்க நேரா இருக்கும், கண்ணாடியாட்டம் தெறிக்கும். உன்னோடது செக்கச்செவேல்னு இருக்கறச்சே நன்னா அடிச்சு, அந்தச் சூட்டோடயே முக்கினதாம். கோணிண்டுடுத்து. ஆனா சில்லு பேராது."

"அப்போ... நல்லதை நீங்கன்னா வச்சுண்டிருக்கணும், மாமி?"

"அவரும் அதைத்தான் சொன்னார். நான்தான் கீழே குடுங்கோன்னேன். எங்காத்துல தரையில பொறுக்கித் தின்ன யாருடி இருக்கா?"

குழந்தை எச்சில் கையால் மாமியின் கன்னத்தைத் தடவியது.

"மாமி, நீங்க ஒண்ணும் மாத்தலை. காலம்பர நான்தான் உங்க..."

"அடியே பாகீரதி!" உள்ளேயிருந்து பட்டாபிராமன். "ட்ராமுக்கு நேரமாச்சு, சீக்கிரம் இலையைப் போடு!"