படத்தில் முதுகு காட்டிய ஆடு

வெள்ளம் வந்தபோது சுட்டியும் செவலையும் ஒரே கூரைமேல் ஏறி உயிர் தப்பிய ஆடுகள். படகில் வந்த ஒருவர் எடுத்த படம் நாடெங்கும் பரவியது. அதில் சுட்டி கேமராவை நேராகப் பார்த்தபடி நின்றது. செவலையோ, தண்ணீரோடு போன தன் குட்டியைத் தேடி அந்தப் பக்கம் திரும்பி நின்றது.

பண்டிகை நெருங்கியதும் கறிக்கடைக்காரர் கொட்டிலுக்குள் வந்தார். செவலை சுட்டியின் பின்னால் ஒண்டிக்கொண்டது.

சுட்டியைக் கண்டதும் அவர் பின்வாங்கினார். "ஐயோ, இது அந்தப் படத்து ஆடாச்சே! இந்தக் கண்ணை யார் மறப்பாங்க? இதை வெட்டினா என் கடைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க."

"அப்போ இன்னொண்ணைப் பிடிச்சுக்கோங்கண்ணே" என்றாள் ஆட்டுக்காரி அன்னக்கொடி.

"அக்கா, அதே படத்துல நானும் இருக்கேன்னு சொல்லேன்" என்று செவலை சுட்டியிடம் கெஞ்சியது.

"நாம பேசறது அவங்களுக்குக் கேக்காதுடி. அவர் கண்ணை நேராப் பாரு. அன்னிக்கு நான் செஞ்சது அவ்வளவுதான்."

செவலை தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தது. அதை இழுத்துப் போகக் கயிற்றைத் தொட்ட அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, முடிச்சைத் தடவித் தடவி அவிழ்த்தார்.