அளவெடுத்துச் செய்த பிஸ்கட்

“உங்க ரத்தத்துக்கும் நாக்குக்கும் அளவெடுத்துச் செய்றோம்னு விளம்பரம் போட்டீங்களே, இதுவாம்மா பிஸ்கட்? எட்டிக்காய் மாதிரி கசக்குது!” என்று மாமனார் போனில் எகிறினார். “இனிப்புதான் பிடிக்கும்னு எழுதியிருந்தேனே!”

“எழுதினீங்க சார். ஆனா நீங்க அனுப்பின ரத்தம் வேற சொல்லுது. சர்க்கரை முந்நூறைத் தாண்டிடுச்சு. இனிப்பு போட்டா எங்க மேல கேஸ் வரும்.”

“பச்சைப் பொய்! அது கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயசு ரத்தம்மா!”

“ரெண்டு தடவை பார்த்துட்டோம் சார். உடனே டாக்டர்கிட்ட போங்க.”

“எனக்குச் சர்க்கரைன்னு எனக்கே தெரியும்! என் ரத்தத்தைக் கொடுத்தா இனிப்பு தரமாட்டீங்கன்னுதானே, எங்க மாப்பிள்ளை ரத்தத்தை…”

கத்தியவர் பாதியில் நிறுத்தினார். போனை மெல்ல மேஜையில் வைத்தார்.

எதிரே, முப்பது வயது மாப்பிள்ளை காபியில் மூன்றாவது கரண்டி சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“மாட்டிக்கிட்டோமா மாமா?” என்று கண்ணடித்தார்.

மாமனார் காபி டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பிஸ்கட் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடுங்க மாப்பிள்ளை. உங்களுக்குன்னே செஞ்சது.”